'கைகோ': ஒரு சொல்லின் வரலாறும் முதியோர் பராமரிப்பும்

1. முன்னுரை

முதுமையில் பிறர் துணையின்றி உண்ணவோ உடுக்கவோ நீராடவோ இயலாத நிலை எல்லாச் சமுதாயங்களிலும் தொன்றுதொட்டு இருந்து வருவதாகும். அந்நிலையில் உள்ளோர்க்குத் துணைசெய்யும் பணியும் அதே அளவு பழமையானது. ஆயினும் அப்பணிக்கெனத் தனிப்பெயர் அமைவது எல்லா மொழிகளிலும் இயல்பாக நிகழ்ந்த ஒன்றன்று. குடும்பக் கடமை, மருத்துவம், தொண்டு ஆகிய மூன்றனுள் ஏதேனும் ஒன்றன் பெயருக்குள் அப்பணி அடங்கிவிடுவதே பெருவழக்கு. கடமை எனக் கொள்ளப்படின் அதற்குக் கூலி இல்லை. மருத்துவம் எனக் கொள்ளப்படின் நோய் தீராதவருக்கு அதில் இடமில்லை. தொண்டு எனக் கொள்ளப்படின் பெறுவோர்க்கு அதில் உரிமை இல்லை.

இச்சிக்கலிலிருந்து ஒரு நாடு விடுபட முயன்ற வரலாறு ஜப்பானிய மொழியின் 'கைகோ' என்னும் சொல்லில் பதிந்துள்ளது. முதலில் ஒருவரின் உடல்நிலையைக் குறித்த இச்சொல், பின்னர் ஒரு தொழிலின் பெயராகி, இறுதியில் ஒரு சமூகக் காப்புறுதியின் பெயராயிற்று. நிலை, பணி, உரிமை என்னும் இம்மூன்று படிகளையும் அவற்றோடு தொடர்புடைய பிற சொல் மாற்றங்களையும் வரலாற்று முறையில் ஆராய்வதும், இந்திய மொழிகளில் முதியோர் தொடர்பான சட்டங்களையும் நலத்திட்டங்களையும் மொழிபெயர்ப்போர் அவற்றிலிருந்து கொள்ளத்தக்கவற்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. 'பார்த்தல்' என்னும் வினை

நீண்டகாலப் பராமரிப்பிற்குத் தனிச்சொல் வேரூன்றும் முன்னர் ஜப்பானிய மொழியில் மூன்று வழக்குகள் இருந்தன. முதலாவது 'செவா' என்பது. குழந்தை, விருந்தினர், முதியவர் என எவரையும் கவனித்துக்கொள்வதை இது குறிக்கும். இந்திக்கும் பிற இந்திய மொழிகளுக்கும் பொதுவான 'சேவா' என்னும் சொல்லோடு இதற்குள்ள ஒலியொப்புமை தற்செயலானது. இரண்டாவது 'மெந்தோ ஓ மிரு' என்னும் தொடர். 'மெந்தோ' என்பதற்குத் தொல்லை என்றும் 'மிரு' என்பதற்குப் பார் என்றும் பொருள். மூன்றாவது 'கன்பியோ'. இது வீட்டிலுள்ள நோயாளியை அருகிருந்து கவனித்தலைக் குறிப்பது. இச்சொல்லின் முதற் சித்திர எழுத்திற்கும் பார்த்தல் என்பதே பொருள்.

காட்சி வினையொன்று கவனிப்பைக் குறிக்கும் வினையாக விரிவது ஜப்பானிய மொழிக்கு மட்டும் உரியதன்று. தமிழில் 'பார்த்துக்கொள்', மலையாளத்தில் 'நோக்குக', இந்தியில் 'தேக்பால்' ஆகியவை அனைத்தும் இவ்வகையினவே. இவ்வழக்குகளின் பொதுத்தன்மை ஒன்று நோக்கத்தக்கது. 'மருமகள் மாமனாரைப் பார்த்துக்கொள்கிறாள்' என்னும் தொடரில் செய்யப்படும் வேலை எதுவும் வெளிப்படவில்லை. இரவில் எழுந்து உடலைப் புரட்டிப் படுக்கவைத்தல், ஆடை மாற்றுதல், ஊட்டுதல், கழிவு அகற்றுதல் ஆகிய அனைத்தும் ஒரு பார்வைக்குள் மறைந்துவிடுகின்றன. வேலை புலப்படாதபோது அதனை அளத்தலும் பகிர்தலும் இயல்வதில்லை.

அரசின் மொழி வேறு திசையில் சென்றது. 1929இல் இயற்றப்பட்டு 1932இல் நடைமுறைக்கு வந்த துயர்துடைப்புச் சட்டம் 'யோரோயின்' என்னும் விடுதிகளை ஏற்றது. முதியோரை வைத்து உணவளிக்கும் இடம் என்பது இதன் பொருள். ஆதரவற்ற வறியவர்க்கான இடமாகவே அது கருதப்பட்டது. 1950ஆம் ஆண்டின் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் வறுமையே சேர்க்கைக்கு அடிப்படையாயிற்று. சுருங்கக் கூறின், குடும்பத்தின் மொழியில் முதியவர் பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர். அரசின் மொழியில் உணவளிக்கப்பட வேண்டியவர். உடலுக்குத் துணை வேண்டுபவர் என்னும் கருத்து இவ்விரண்டிலும் தனித்து நிற்கவில்லை.

3. நிலையைக் குறித்த சொல்

'கைகோ' என்பது இரு சித்திர எழுத்துகளால் ஆனது. முதலெழுத்து இடைநின்று துணைபுரிதலையும் இரண்டாவது எழுத்து காத்தலையும் குறிக்கும். உதவுதல் எனப் பொருள்படும் 'கைஜோ'வின் முதலெழுத்தும் மருத்துவச் செவிலிமை எனப் பொருள்படும் 'கங்கோ'வின் இரண்டாம் எழுத்தும் இணைந்தது என இதற்குப் பொதுவாக விளக்கம் கூறப்படுகிறது. இவ்விளக்கம் சொல்லின் இன்றைய பொருளுக்குப் பொருந்துகிறது. ஆனால் சொல்லின் ஆட்சி இன்றைய பொருளினும் பழமையானது.

1892ஆம் ஆண்டு ஜப்பானியப் படைத்துறை வெளியிட்ட ஓய்வூதிய விதிகளில் இச்சொல் காணப்படுகிறது. போரில் உறுப்பிழந்த அல்லது நோயுற்ற படைவீரரின் ஊனத்தைத் தரம்பிரிக்கும் விதிகள் அவை. பிறரின் கைகோ வேண்டும் அளவிற்குச் செயலிழந்தவரா என்பது அங்கு ஓர் அளவுகோலாகிறது. கைகோ செய்பவர் யார், எவ்வாறு செய்வார் என்பன பற்றி விதிகள் கவலை கொள்ளவில்லை. அங்குச் சொல் பணியைக் குறிக்கவில்லை. வீரரின் உடல்நிலையைக் குறித்தது.

எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் இப்பொருளே தொடர்ந்தது. 1963ஆம் ஆண்டின் முதியோர் நலச் சட்டம் மூன்று வகை முதியோர் இல்லங்களை ஏற்படுத்தியது. அவற்றுள் சிறப்புப் பேணகம் என்னும் வகையில் வறுமை சேர்க்கைக்குரிய நிபந்தனையாகக் கொள்ளப்படவில்லை. உடல் அல்லது உளக்குறைபாட்டால் இடையறாது கைகோ தேவைப்பட்டு, அதனை வீட்டில் பெற இயலாதவர் என்பதே அதற்குத் தகுதியாயிற்று. வறுமையிலிருந்து தேவைக்கு அளவுகோல் மாறியது இச்சட்டத்தின் சிறப்பாகும். ஆயினும் இல்லத்தின் பெயரில் 'கைகோ' இடம்பெறவில்லை. பேணிக்காத்தல் எனப் பொருள்படும் 'யோகோ' என்னும் பழைய சொல்லே இடம்பெற்றது. கைகோ இன்னும் சட்டப்பிரிவின் உள்ளே ஓர் அடைமொழியாகவே நின்றது.

4. கிடத்தலும் கிடத்துதலும்

1968இல் ஜப்பானியத் தேசியச் சமூகநல மன்றம் வீடுகளில் படுக்கையிலேயே கிடக்கும் முதியோர் பற்றி நாடு தழுவிய ஆய்வொன்றை நடத்தியது. எழுபது வயதிற்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் அந்நிலையில் இருப்பது தெரியவந்தது. அதன் பின்னர் 'நெத்தக்கிரி' முதியோர் என்னும் தொடர் செய்தித்தாள்களில் பரவியது. 'நெத்த' என்பது படுத்த என்னும் இறந்தகால வடிவம். 'கிரி' என்பது அத்தோடு சரி, அதற்குமேல் எதுவும் இல்லை என்னும் பொருளைத் தரும் ஒட்டு. தமிழின் 'படுத்த படுக்கையாக' என்னும் தொடரும் இதே இறந்தகாலப் பெயரெச்சத்தால் அதே முடிவுப்பொருளைத் தருவது ஒப்புநோக்கத்தக்கது.

1972இல் அரியோஷி சாவாகோ எழுதிய 'கோகோத்சு நோ ஹிதோ' என்னும் புதினம் வெளிவந்தது. வேலைக்குச் செல்லும் மருமகளொருத்தி மனநிலை மங்கிய மாமனாரைக் கவனிப்பதே அதன் கதை. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்ற அப்புதினம், வீட்டுக்குள் இருந்த ஒன்றை நாட்டின் பேச்சாக்கியது. 1973இல் எழுபது வயதிற்கு மேற்பட்டோர்க்கு மருத்துவம் இலவசமாக்கப்பட்டது. பராமரிப்பு இல்லங்கள் குறைவு, மருத்துவமனைகளோ இலவசம். எனவே மருத்துவம் தேவைப்படாத முதியோரும் மருத்துவமனைகளில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கலாயினர். இதற்குச் 'சமூகக் காரணச் சேர்க்கை' எனப் பொருள்படும் புதுத்தொடர் ஒன்று உருவாயிற்று. பெயரற்ற பணி, பெயருள்ள பணியின் இடத்தில் புகுந்துகொண்டது. செலவு பெருகவே 1983 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் முழு இலவச முறையை முடித்தது.

இக்காலத்தின் மிக முதன்மையான சொல்மாற்றம் வினைவடிவில் நிகழ்ந்தது. 1990இல் இதழாளர் ஓகுமா யுகிகோ வெளியிட்ட நூல், படுத்த படுக்கையான முதியோர் உள்ள நாட்டையும் இல்லாத நாட்டையும் ஒப்பிட்டது. டென்மார்க்கில் அதே அளவு தளர்ந்த முதியோர் காலையில் எழுப்பப்பட்டு, உடைமாற்றி, நாற்காலியில் அமர்த்தப்படுகின்றனர். எனவே அங்கு அவ்வகைப் பெயரே தேவைப்படவில்லை என்பது அதன் கருத்து. 'நெத்தக்கிரி' என்பதற்கு மாறாக 'நெக்கசெக்கிரி' என்னும் வடிவம் பரவியது. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. தமிழில் கூறின், 'கிடப்பவர்' என்பது 'கிடத்தப்பட்டவர்' ஆயிற்று.

இம்மாற்றம் வெறும் நடைவேறுபாடன்று. தன்வினை வடிவம் நிலையை முதுமையின் இயற்கை விளைவாகக் காட்டுகிறது. பிறவினை வடிவம் செயலுக்கு ஓர் எழுவாயைக் கேட்கிறது: கிடத்தியவர் யார்? 1989 டிசம்பரில் அரசு அறிவித்த பத்தாண்டுத் திட்டத்தில் படுக்கைநிலையை ஒழிக்கும் இயக்கமும் இடம்பெற்றது. 1991இல் அமைச்சகம் வெளியிட்ட பத்து அறிவுரைகளுள் ஒன்று, படுத்த படுக்கை நிலை கிடத்திவைப்பதால் உண்டாக்கப்படுகிறது என இதே பிறவினை வடிவத்தைக் கையாண்டது. இலக்கண வேறுபாடொன்று அரசின் கொள்கைமொழியில் இடம்பெற்றமைக்கு இது தெளிவான சான்றாகும்.

5. பணியின் பெயர்

வீடுதேடிச் சென்று முதியோர்க்கு உதவும் பணி 1956இல் நாகானோ மாநிலத்தில் தொடங்கியது. 1962இல் நடுவணரசு அதற்கு நிதியளிக்கத் தொடங்கியபோது அப்பணியாளர் 'முதியோர் குடும்ப ஹோஷியின்' எனப்பட்டனர். 'ஹோஷி' என்பது பயன் கருதாது புரியும் தொண்டு. தொழிலாளியைத் தொண்டர் என அழைக்கும் பெயர் அவருடைய ஊதியத்தையும் முன்னதாகவே தீர்மானித்துவிடுகிறது. ஆண்துணை இழந்த நடுவயதுப் பெண்கள் பலர் இப்பணியில் அமர்த்தப்பட்டனர். இல்லத்தரசி தன் வீட்டில் செய்வதையே பிறர் வீட்டில் செய்கிறாள் என்னும் எண்ணம் இப்பெயரின் பின்னணியில் இருந்தது.

1987இல் இயற்றப்பட்ட சட்டம் 'கைகோ ஃபுகுஷிஷி' என்னும் அரசுத் தகுதியை உருவாக்கியது. பயிற்சியும் தேர்வும் உடைய தொழிலின் பெயராகக் 'கைகோ' முதன்முதலாக அமைந்தது. இதனால் பணி தொண்டிலிருந்தும் செவிலிமையிலிருந்தும் பிரிக்கப்பட்டது. தொண்டிலிருந்து பிரிந்தது நன்மையாயிற்று. செவிலிமையிலிருந்து பிரிந்தது நன்மையும் தீமையும் கலந்ததாயிற்று.

சான்றாக, தொண்டையில் சேரும் சளியைக் குழாய்வழி உறிஞ்சி எடுத்தல் மருத்துவச் செயலாக வகுக்கப்பட்டிருந்தது. சட்டநோக்கில் அது கைகோ அன்று. செவிலியர் இல்லாத இரவுநேரத்தில் முதியவருக்கு மூச்சுத்திணறினால், அருகிலிருக்கும் பணியாளர் அதனைச் செய்யலாமா என்னும் வினா எழுந்தது. வீட்டிலுள்ள மகளோ மனைவியோ அதனைச் செய்வதற்குத் தடையில்லை. தொழில்முறைப் பணியாளருக்குத் தடை இருந்தது. இடைக்காலத் தளர்வுகளுக்குப் பின்னர், 2011இல் திருத்தப்பட்ட சட்டம் 2012 ஏப்ரல் முதல் உரிய பயிற்சி பெற்ற பணியாளர் இதனைச் செய்ய இசைவளித்தது. இரு கலைச்சொற்களின் எல்லை எங்கே அமைகிறது என்பது ஒருவரின் மூச்சைப் பற்றிய வினாவாகவும் ஆகக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

6. உரிமையின் பெயர்

1970இல் ஜப்பானிய மக்கள்தொகையில் 65 வயதிற்கு மேற்பட்டோர் 7 விழுக்காட்டைக் கடந்தனர். 1994இல் அது 14 விழுக்காட்டைக் கடந்தது. 1997 டிசம்பரில் 'கைகோ ஹோக்கென்' எனப்படும் பராமரிப்புக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறி, 2000 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நாற்பது வயதிற்கு மேற்பட்டோர் அனைவரும் சந்தா செலுத்துவர். நகராட்சிகளே காப்புறுதி நிறுவனங்கள். செலவில் ஏறத்தாழப் பாதி சந்தாவிலிருந்தும் பாதி வரியிலிருந்தும் வருகிறது. பயன்பெறுவோர் தொடக்கத்தில் கட்டணத்தில் 10 விழுக்காட்டைச் செலுத்தினர். உயர்வருவாயினர்க்கு இது 2015இல் 20 விழுக்காடாகவும், அவர்களுள் ஒரு பகுதியினர்க்கு 2018இல் 30 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது.

இச்சட்டத்தோடு வந்த சொல்லிணை 'சோச்சி', 'கெய்யகு' என்பன. முன்னது அரசு அலுவலர் முடிவுசெய்து ஒருவரை இல்லத்தில் சேர்க்கும் நடவடிக்கை, பின்னது ஒப்பந்தம். முதியவர் நடவடிக்கைக்கு உட்பட்டவர் என்னும் நிலையிலிருந்து, பணியைத் தெரிந்தெடுக்கும் 'பயனர்' என்னும் நிலைக்கு மாறினார். தேவையும் தரப்படுத்தப்பட்டது. 2006 முதல் துணை வேண்டும் நிலை இரண்டு, கைகோ வேண்டும் நிலை ஐந்து என ஏழு தரங்கள் உள்ளன. 1892இன் அளவுகோல் வேறு உருவில் திரும்பியது. ஆனால் இப்போது அது ஊனத்திற்கு ஈடான பணத்தை அன்று, பெறத்தக்க பணியின் அளவைத் தீர்மானித்தது.

சட்டம் உருவானபோது எழுந்த பெரும் வாதம் பணம் பற்றியது. 1995இல் ஜெர்மனியில் தொடங்கிய பராமரிப்புக் காப்புறுதி, வீட்டில் கவனிக்கும் உறவினர்க்குச் சேரத்தக்க பணப்பயனையும் வழங்கியது. ஜப்பானில் ஹிகுச்சி கெய்கோ முதலியோர் 1983இல் தோற்றுவித்த பெண்கள் அமைப்பு இதனை எதிர்த்தது. பணம் கொடுத்தால் மருமகளின் கடமை மேலும் இறுகும். வேண்டுவது பணமன்று, வேலையைப் பகிர்ந்துகொள்ளும் ஆள் என்பது அவ்வமைப்பின் வாதம். இறுதியில் பணப்பயன் சேர்க்கப்படவில்லை. மறுபுறம், பெற்றோரைப் பிள்ளைகள் கவனிக்கும் மரபு சிதையும் என்னும் குரலும் ஆளுங்கட்சிக்குள் எழுந்தது. 65 வயதிற்கு மேற்பட்டோரின் சந்தா முதல் ஆறு மாதங்களுக்கு வாங்கப்படாமலும் அடுத்த ஓராண்டிற்குப் பாதியாகவும் விடப்பட்டது.

2000 ஏப்ரலில் ஏறத்தாழ 21.8 இலட்சம் பேர் தேவையுடையோராகச் சான்றளிக்கப்பட்டிருந்தனர். 2020ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அத்தொகை 70 இலட்சத்தை நெருங்கியது. 65 வயதிற்கு மேற்பட்டோரின் சராசரி மாதச் சந்தா 2000இல் 2,911 யென். 2024 முதல் 6,225 யென். சொல்லும் பெருகியது. முதியவரை முதியவரே கவனித்தல், கவனிப்பிற்காக வேலையை விடுதல், கவனிப்புச் சோர்வு, அச்சோர்வால் நேரும் கொலை ஆகிய அனைத்தும் 'கைகோ'வை உறுப்பாகக் கொண்ட கூட்டுச்சொற்களால் குறிக்கப்படுகின்றன. காப்புறுதி சுமையை அகற்றிவிடவில்லை என்பதற்கு இக்கூட்டுச்சொற்களே சான்று. ஆயினும் பெயர் பெற்ற சுமை எண்ணிக் கணக்கிடத்தக்கதாகிறது.

தனிச்சொல் இருந்தால்தான் இவை நிகழும் எனக் கொள்வது பொருந்தாது. ஜெர்மானிய மொழியில் 'ஃப்லேகெ' என்னும் ஒரே சொல் செவிலிமையையும் பராமரிப்பையும் குறிக்கிறது. அங்குச் சிக்கல் வரையறையில் இருந்தது. பராமரிப்புத் தேவை என்பது முதலில் பெரிதும் உடற்செயல்களைக் கொண்டே அளக்கப்பட்டது. கைகால் திடமாக உள்ள, ஆனால் அறிதிறன் குன்றியவர்கள் குறைந்த பயனே பெற்றனர். 2017இல் வரையறை விரிவாக்கப்பட்டு, மூன்று படிகள் ஐந்து தரங்களாக மாறின. எனவே முதன்மையானது சொல்லின் புதுமையன்று. அதன் எல்லையை வரையறுத்தலே.

7. மனிதருக்கு இடும் பெயர்

அறிதிறன் குன்றும் நோய்க்கு ஜப்பானில் வழங்கிவந்த சொல் 'சிஹோ'. இதன் இரு எழுத்துகளும் மடமையைக் குறிப்பன. அவமதிப்பு மட்டுமன்றி வேறொரு தீங்கும் இதனால் விளைந்தது. அப்பெயர் தமக்கு இடப்படும் என்னும் அச்சத்தால் பலர் தொடக்கநிலையில் மருத்துவரை நாடவில்லை. 2004இல் அமைச்சகம் குழுவொன்றை அமைத்து ஆறு மாற்றுச்சொற்களைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. மறதி நோய், நினைவு நோய், நினைவுக் குறைபாடு, அறிதல் குறைபாடு, அறிதல் நோய் எனப் பொருள்படுவனவும் அல்சைமர் என்னும் கடன்சொல்லும் அவற்றுள் அடங்கும். 2004 டிசம்பர் 24ஆம் நாள் 'நின்ச்சிஷோ' தெரிந்தெடுக்கப்பட்டது. மறுஆண்டு சட்டமும் திருத்தப்பட்டது.

உளவியல் அமைப்புகள் இதனை எதிர்த்தன. 'நின்ச்சி' என்பது அறிதல். அதனோடு நோய் என்னும் ஒட்டைச் சேர்த்தால் அறிதலே நோய் எனப் பொருள்படும், குறைவைக் குறிக்கும் உறுப்பு அச்சொல்லில் இல்லை என்பது அவற்றின் வாதம். சொல்லமைப்பு நோக்கில் இவ்வாதம் வலுவுடையது. ஆயினும் சொல் நிலைபெற்றது. இழிவுப்பொருளை நீக்குதல் இங்கு அமைப்புத் துல்லியத்தினும் முதன்மை பெற்றது. மாற்றத்தை வலியுறுத்தியவருள் ஒருவரும், 1974இல் அந்நோயைக் கண்டறியும் எளிய வினாநிரலை உருவாக்கியவருமான மருத்துவர் ஹசெகாவா கசுவோ, தமக்கே அந்நோய் வந்திருப்பதை 2017இல் வெளிப்படையாக அறிவித்தார். அவர் 2021இல் மறைந்தார். 2023இல் நிறைவேறி 2024 சனவரியில் நடைமுறைக்கு வந்த அடிப்படைச் சட்டமொன்றின் பெயரிலும் இச்சொல்லே உள்ளது.

8. தேர்வுத்தாளின் மொழி

பணியாளர் பற்றாக்குறையால், பொருளாதாரக் கூட்டு உடன்படிக்கைகளின் கீழ் 2008இல் இந்தோனேசியாவிலிருந்தும் 2009இல் பிலிப்பைன்சிலிருந்தும் 2014இல் வியட்நாமிலிருந்தும் பணியாளர் வரத்தொடங்கினர். அவர்கள் சில ஆண்டுகளுக்குள் ஜப்பானிய மொழியிலேயே அரசுத் தேர்வில் வெற்றிபெற வேண்டும். அப்போது விவாதப் பொருளாகிய சொல் 'ஜொகுசோ', அதாவது படுக்கைப்புண். பேச்சுவழக்கில் 'தொகோசுரே' என்னும் எளிய சொல் இருக்க, தேர்வுத்தாளில் ஜப்பானியரே எழுதத் தடுமாறும் சித்திர எழுத்துகளால் ஆன சொல் இடம்பெற்றது. நோயாளியின் முதுகைக் கண்டு புண்ணை அறிபவர், தாளில் அதன் பெயரை அறியாமல் தோற்றார்.

2012இல் இவ்வுடன்படிக்கைவழி வந்தோர் முதன்முறையாகக் கைகோ தேர்வெழுதியபோது 95 பேருள் 36 பேர் வெற்றிபெற்றனர். அனைத்துத் தேர்வர்களின் தேர்ச்சி ஏறத்தாழ 64 விழுக்காடு. 2013 முதல் அவர்களுக்கு எல்லாச் சித்திர எழுத்துகளுக்கும் ஒலிக்குறிப்பு இடப்பட்ட தாளும் கூடுதல் நேரமும் வழங்கப்பட்டன. எளிமையாக்கல் தொழில்தரத்தைக் குறைக்குமா என்னும் ஐயம் எழாமலில்லை. ஆனால் பராமரிப்பில் ஒரு சொல் மூவருக்கு விளங்கவேண்டும்: எழுதும் மருத்துவர், செய்யும் பணியாளர், படுக்கையிலுள்ள முதியவர். மூன்றாமவருக்கு விளங்குவது பேச்சுவழக்குச் சொல்லே.

9. இந்திய மொழிகளில் எழும் வினா

2021 சனவரியில் இந்தியாவும் ஜப்பானும் குறிப்பிட்ட திறன்பெற்ற பணியாளர் தொடர்பான ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அத்திட்டத்தின் துறைகளுள் முதியோர் பராமரிப்பும் ஒன்று. எனவே 'கைகோ' இந்திய இளைஞர்க்கு ஒரு வேலையின் பெயராக ஏற்கெனவே அறிமுகமாகியுள்ளது. இந்தியாவிலுள்ள முதியோர்க்கு அதற்கிணையான பெயர் உண்டா என்பது அடுத்து எழும் வினா.

2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதிற்கு மேற்பட்டோர் ஏறத்தாழ 10.38 கோடி. அவர்கள் தொடர்பான முதன்மைச் சட்டம் 2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இந்தியில் அச்சட்டத்தின் தலைப்பு 'பரண்-போஷண்' என்னும் தொடரைக் கொண்டுள்ளது. உணவளித்துத் தாங்குதல் என்பது அதன் பொருள். முந்தைய சட்டங்களில் மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோர்க்குரிய வாழ்பொருளைக் குறித்த தொடரே அது. தமிழில் அதே இடத்தில் 'பராமரிப்பு' வழங்குகிறது. சாலைப் பராமரிப்பு, எந்திரப் பராமரிப்பு, குழந்தைப் பராமரிப்பு எனப் பொருளையும் உயிரையும் ஒருங்கே தழுவும் சொல் அது.

சட்டத்தின் வரையறை உணவு, உடை, உறையுள், மருத்துவக் கவனிப்பு ஆகியவற்றை உள்ளடக்குகிறது. பிள்ளைகள் மாதந்தோறும் பணம் தருமாறு தீர்ப்பாயம் ஆணையிடலாம். இயற்றப்பட்டபோது அதன் உச்சவரம்பு 10,000 ரூபாய். மாவட்டத்திற்கு ஒன்றேனும் 150 வறிய முதியோர் தங்கத்தக்க இல்லங்களை மாநிலங்கள் அமைக்கலாம் என்றும் சட்டம் கூறுகிறது. ஆனால் எழ இயலாதவரை எழுப்புதல், புரட்டிப் படுக்கவைத்தல், ஊட்டுதல் ஆகிய பணி அதன் வரையறையில் பெயர்சுட்டி இடம்பெறவில்லை. இந்தித் தலைப்பு தருவதாகக் கூறுவது வாழ்பொருளை. தமிழ்த் தலைப்பு படிப்போர் மனத்தில் எழுப்புவது கவனிப்பை. சட்டம் தராத ஒன்றைத் தலைப்பு தந்துவிடுகிறது. பராமரிப்பு ஏற்கெனவே சட்டமாகிவிட்டது என்னும் எண்ணம் நிலவும்வரை, உண்மையான பராமரிப்பு வேண்டும் என்னும் கோரிக்கைக்குச் சொல் இல்லாமற்போகிறது.

இதற்கு மாறான சான்று கேரளத்தில் உள்ளது. 2008இல் அம்மாநில அரசு நோய்தணிப்புக் கவனிப்பிற்கெனத் தனிக்கொள்கை வகுத்தது. மலையாளத்தில் அது 'சாந்த்வன பரிசரணம்' எனப்படுகிறது. ஆறுதல் என்பதும் அருகிருந்து பணிசெய்தல் என்பதும் இப்பெயரின் இரு உறுப்புகள். நோய் தீர்த்தல் என்னும் உறுதிமொழி அதில் இல்லை. உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் வீடுதேடிச் செல்லும் பணியாக அது வளர்ந்தது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. ஜப்பானியரும் புதுச்சொல் படைக்கவில்லை. ஓய்வூதிய விதிகளில் ஏற்கெனவே இருந்த சொல்லை எடுத்து எல்லை வகுத்தனர். சங்க இலக்கியத்தில் வளர்ப்புத்தாயைக் குறித்த 'செவிலி' இருபதாம் நூற்றாண்டில் மருத்துவத் தொழிலின் பெயரானதும் அவ்வாறே. பணம் தரும் கடமைக்கு 'வாழ்பொருள்' போன்ற தனிச்சொல்லைக் கையாண்டு, 'பராமரிப்பு' என்பதை உடலுக்கும் உள்ளத்திற்கும் துணைசெய்யும் பணிக்கே உரியதாக்கலாம். அறிதிறன் குன்றும் நோயை 'மறதி நோய்' எனல், ஜப்பானில் ஆய்ந்து விலக்கப்பட்ட தெரிவோடு ஒத்திருப்பதையும் எண்ணவேண்டும். மறதி அந்நோயின் ஒரு கூறே. வழி தவறுதல், சினம், உண்ண மறுத்தல் ஆகியவற்றைக் காணும் குடும்பத்தார், நோயின் பெயர் மறதியாக இருப்பதால் இவற்றை முதியவரின் பிடிவாதமாகக் கொள்ள நேரிடுகிறது.

10. முடிவுரை

ஜப்பானிய வரலாற்றிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, பராமரிப்பின் பெயர் நிலை, பணி, உரிமை என்னும் மூன்று படிகளைக் கடக்க ஒரு நூற்றாண்டிற்கு மேலாயிற்று. இடைப்படிக்குத் தாவி முதற்படியை விடுதல் இயலாது; தேவையை வரையறுத்த பின்னரே பணியும், பணியை வரையறுத்த பின்னரே உரிமையும் அமைந்தன. இரண்டாவது, ஒவ்வோர் எல்லையும் ஒருவரைச் சேர்த்து மற்றொருவரை விலக்குகிறது. சளி உறிஞ்சும் குழாயும் ஜெர்மானிய வரையறையும் இதற்குச் சான்றுகள். மூன்றாவது, வினையின் வடிவம் பொறுப்பின் இருப்பிடத்தைக் காட்டுகிறது.

இந்தியாவில் முதியோர் தொடர்பான திட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, மாநில மொழிகளில் பெயர்க்கப்பட்ட பின்னரே மக்களைச் சென்றடைகின்றன. அப்பெயர்ப்பில் 'பராமரிப்பு' என எழுதும் ஒவ்வோர் இடத்திலும், அங்குக் கூறப்படுவது பணமா, இடமா, மருந்தா, ஒரு மனிதரின் உழைப்பா எனக் கேட்டு எழுதுதல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும். படுத்த படுக்கையாக உள்ளவர் என்பதற்கும் கிடத்தப்பட்டவர் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர் அவர். அதனைச் சட்டத்தின் மொழியிலும் காத்தல் அவரால் இயலும்.